கீழ்வீட்டுக்குக் கேட்காத நடனம்

அக்காவால் ஒரு மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது.

சுவிஸில், பேர்ண் நகரத்து ஓரத்திலுள்ள பூம்ப்ளிஸில், பஸ் தரிப்பில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரின் தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தால், அந்தச் சரிவு அக்காவின் கண்ணில் தூசாய் விழும். கொஞ்ச நேரம் பொறுப்பார். மறுபக்கம் திரும்புவார். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைகளை வாசிப்பார். கண்ணாடிக்குள்ளும் அந்தத் தோள் சரிந்தே நிற்கும். கடைசியில் போய், இரண்டு விரலால், விளக்குத் திரியைத் தூண்டுகிற பக்குவத்தோடு, அந்தத் தோளை நேராக்கி வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் நின்றுகொள்வார்.

பக்கத்து இருக்கைக்காரரின் கை பட்டாலே இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்கிற நாடு அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் சட்டைப் பைகளில் இருந்த அனுமதி அட்டைகள் இருமினாலே காலாவதியாகிவிடும் போலிருந்த காலம்.

"ஆரும் பொலிசுக்கு ரெலிபோன் அடிச்சால் என்ன செய்வியள் அக்கா?" என்று கேட்டேன்.

"அடிக்கட்டும். வாற பொலிசு நேராய் நிக்கிறானோ எண்டு பாப்பம்."

யாரும் அடிக்கவில்லை. சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு சுவிஸ் அம்மாவின் கழுத்து ஆமைக் கழுத்தாய் முன்னே நீண்டிருந்தது. அக்கா ஒருநாள் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார், பஸ்ஸில் ஏறினார். அடுத்த நாள் அதே தரிப்பில், நேராக வந்து அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா கழுத்தைச் சரிசெய்தார். பஸ் வந்தது. பனி முழுக்க இது நடந்தது. இருவருக்கும் இடையில் ஒரு சொல் இல்லை, ஒரு சிரிப்பும் இல்லை. பனி கரைந்த ஒரு காலையில் அந்த அம்மா ஒரு சொக்கலேட் பெட்டியை அக்காவின் கையில் வைத்துவிட்டுக் கொடிக்கம்பம் போல நடந்து போனார்.

அகதி விசாரணையின்போது நடந்ததாக அக்கா சொல்லும் கதை ஒன்று உண்டு. நாட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம், "முதல்லை நீங்கள் நிமிந்து இருங்கோ, பிறகு சொல்லுறன்" என்றாராம். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாராம். ஆனால் அக்காவின் கையசைவைப் பார்த்த அதிகாரி தானாகவே நிமிர்ந்தாராம்.

"அதுக்குப் பிறகுதான் அந்தாளுக்குச் சரியான கேள்வி வந்தது. வளைஞ்சிருந்தால் கேள்வியும் வளைஞ்சுதான் வரும்" என்பார்.

யாழ்ப்பாணத்தில் சின்ன வயசிலிருந்தே முறையாகப் பரதம் பயின்றவர். அந்தப் பயிற்சி அவருடைய எலும்புக்குள் தச்சரின் மூலைமட்டம் ஒன்றைப் பொருத்திவிட்டிருந்தது. முழங்கால் வெளியே. முதுகு சுவர். முழங்கை நெஞ்சுக்கு நேரே, அதன்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் சிந்தக் கூடாது. நாடு மாறியது, மொழி மாறியது, வேலை ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற பகுதியில் என்று ஆனது. மூலைமட்டம் மாறவில்லை. நோயாளிகளின் போர்வைகளை மடிக்கும்போதும் முழங்கால் மடித்த அரைமண்டியில் இருந்துதான் மடிப்பார். மடித்த போர்வைகள் கோபுரமாய் எழும்பும்போது அவரும் அதனோடு அங்குலம் அங்குலமாய் எழும்புவார். கூட வேலை செய்த போர்த்துக்கல் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் முதுகுவலி போய்விட்டது.

நாங்களும் முதுகுவலியால் வந்தவர்கள்தான்.

நான் அப்போது பேர்ண் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவர் குலம் அண்ணை. அதே சமையலறை, அதே சிங்க், எனக்கு இடப்பக்கம். நாற்பதைத் தாண்டியவர், முதுகு கேள்விக்குறி ஆகிவிட்டிருந்தது. ஒருநாள் பஸ்ஸில் ஏறியவரை அக்கா மறித்தார்.

"அண்ணை, உங்கட இடுப்பை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"சிங்க்குக்குள்ளை, பிள்ளை. நாளைக்குப் போய்த் தேடிப் பாக்கிறன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குலம் அண்ணை அக்காவின் வீட்டில் அரைமண்டியில் இருந்தார். அந்த மாத முடிவில் வலி இல்லை. அவர் என்னை அழைத்துப் போனார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்த மட்டக்களப்புத் தேவனை அழைத்துப் போனேன். நாள் முழுக்க வயசானவர்களைத் தூக்கித் தூக்கி இருபத்தைந்து வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் அவன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரை கோப்பை கழுவுகிறவனுக்கும் ஓர் ஓய்வு உண்டு, சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். ஊரெல்லாம் அந்த நேரத்தில் காலை நீட்டிப் படுக்கும். நாங்கள் முழங்காலை மடித்துக்கொண்டு நின்றோம்.

வலி போனதும் நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தோம். அக்கா விடவில்லை. நேராக நிற்கிற ஐந்து ஆம்பிளைகளைப் பார்த்தவுடன் அவருக்கு அவர்களைச் சும்மா நிறுத்திவைக்க மனம் வரவில்லை.

அக்கா மூன்றாம் மாடியில் குடியிருந்தார். படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த வீட்டு விதிகள்படி மதியத்தில் சத்தம் போடக் கூடாது, இரவில் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிடுவதையும் யோசித்துத்தான் விட வேண்டும். பரதமோ நிலத்தை அடிக்கிற கலை. நாங்கள் வருவதற்கு முன், அவர் தனியாகப் பயிற்சி செய்த நாட்களில், முதல் தட்டடவுக்கே கீழ்வீட்டிலிருந்து விளக்குமாற்றுக் கம்பால் கூரையில் இடி விழுந்ததாம். வேறு ஆளென்றால் நிறுத்தியிருப்பார், அல்லது சண்டைக்குப் போயிருப்பார். அக்கா அந்த இடியைத் தாளம் தட்டுகிற தட்டுக்கழி என்று எடுத்துக்கொண்டார். நட்டுவாங்கம் செய்கிறவர் தரைக்குக் கீழே இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கேதான் அவருடைய கால் பிறந்தது. முழு வேகத்தில் இறங்கி வரும் பாதம். காற்று கிழிபடுவது தெரியும். நிலத்துக்கு ஒரு கடுதாசி நுழைகிற இடைவெளியில் நிற்கும், பிறகு தூங்குகிற குழந்தையின் தொட்டிலைக் கடப்பது போல் இறங்கும். அடி உண்டு, அடியின் ஓசை மட்டும் இல்லை. வருசக்கணக்காய்ப் பழகினார். ஒருநாள் கீழிருந்து இடிப்பது நின்றது. அதற்கு அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கதவைத் தட்டினார். எழுபது வயதுக் கிழவர். ரயில்வேயில், வண்டிச் சில்லுகளைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே வெடிப்பைக் கண்டுபிடிக்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். அக்கா செத்துப்போய்விட்டாரோ என்று பார்க்க வந்திருக்கிறார்.

உயிரோடுதான் இருக்கிறார் என்று கண்டதும் அவருக்குச் சின்ன ஏமாற்றம். அக்கா அவரைக் கதிரையில் இருத்தி, கோப்பி கொடுத்து, முதுகையும் நேராக்கி, கையாலும் காலாலும் ஓர் ஒப்பந்தம் செய்தார். நான் ஆடுவேன். நீங்கள் கேட்க வேண்டும். எது கேட்டாலும் இடிக்க வேண்டும். கிழவரின் முகத்தில் மறுபடி ஒரு ரயில் நிலையம் திறந்ததாம்.

ஆக எங்களுக்கு இரண்டு ஆசான்கள். மேலே அக்கா, கையைத் திருத்தினார். கீழே கிழவர், காலைத் திருத்தினார். நாங்கள் ஐந்து பேரும் ஆடும்போது கிழவருக்கு ஓய்வே கிடைக்காது. பெரும்பாலும் குலம் அண்ணையின் குதிக்கால்தான்.

"குலம் அண்ணை, உங்களுக்குக் கீழையும் ஒரு மனிசன் சீவிக்கிறான்."

"கீழை ஒராள்தானே பிள்ளை. எனக்கு மேலை எத்தினை பேர் நிண்டு குதிக்கிறாங்கள், நான் ஆருக்குப் போய் இடிக்கிறது?"

"அது பிறகு. இப்ப இடது கால்."

அக்காவுடைய எல்லாப் பேச்சும் கடைசியில் ஓர் உறுப்பில் போய்த்தான் முடியும்.

எங்கள் முதல் மேடை, பேர்ணில் தமிழ்ச் சங்கம் ஒன்று பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்த கலைவிழா. பாட்டு இல்லை, சலங்கை இல்லை, மிருதங்கம் இல்லை. கறுப்புக் காற்சட்டை போட்ட ஐந்து ஆம்பிளைகள். நாங்கள் ஆடத் தொடங்கினோம். சனம் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தது. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான தம்பி பாட்டு வரவில்லை என்று பதறி, மேடையின் ஓரத்தால் தவழ்ந்து வந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினான். நாங்கள் அவனைத் தாண்டித் தாண்டி ஆடினோம். அவன் கடைசி வயரைச் செருகி முடித்தபோது நாங்களும் முடித்தோம். அவனுக்குத்தான் கைதட்டு விழுந்தது. அறிவிப்பாளர், "இதுவரை ஆண்களுக்கான உடற்பயிற்சியைக் கண்டு களித்தீர்கள்" என்றார். சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "நல்ல முயற்சி, பிள்ளை. ஒரு பாட்டையும் போட்டு, சலங்கையும் கட்டினால் நடனம் மாதிரியே வரும்" என்று வாழ்த்தினார். அவருடைய கூன் முதுகை அக்கா தொடவேயில்லை. அக்கா ஒரு மனிதரைத் திருத்தாமல் விட்டு நான் கண்டது அன்றைக்கு மட்டுந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒராள். ஒரேயொராள் இதை நடனமெண்டு சொன்னால் எனக்குக் காணும்."

"நாங்கள் சொல்லுறம்தானே அக்கா" என்றான் தேவன்.

"நீங்கள் இடுப்புக்கு மருந்தெடுக்க வந்தனீங்கள். நோயாளியின்ரை சாட்சி செல்லாது."

அந்த ஆசை அவரைத் தின்றது. ஆஸ்பத்திரியில் நல்ல பெயர், சம்பளம், வதிவிட அனுமதி எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்த நேரம் அது. அவருக்கு அவை ஒன்றும் பொருட்டில்லை. எலும்பு முழுக்க நடனத்தை அடைத்துக்கொண்டு நடக்கிறவரைப் பார்த்து உலகம் உடற்பயிற்சி என்றது.

பிறகு வந்தார் உயரமான பெண்மணி. சூரிச்சில், ஓர்லிகோனில், பழைய இயந்திரத் தொழிற்சாலை ஒன்றை அரங்காக மாற்றி நடத்திக்கொண்டிருந்தவர். அவருடைய தாயார் தேவன் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்தார். தேவன் அரைமண்டியில் இறங்கி, சத்தமே இல்லாமல், ஒரு தாம்பாளத்தைத் தூக்குவது போல அந்தத் தாயைக் கட்டிலிலிருந்து தூக்கியதை அவர் கண்டுவிட்டார். எங்கே படித்தாய் என்று கேட்டுக்கொண்டு பூம்ப்ளிஸ் வரைக்கும் வந்தார். அக்காவின் வரவேற்பறையில், சோபாவை மடித்துவைத்த இடத்தில், நாங்கள் ஆடுவதைப் பார்த்து அழுதார். நல்ல மனுசி. அழுகை முடிந்ததும் கேட்டார்: "இந்தக் கை, கோப்பையைக் கழுவுகிற கையா?"

அக்காவுக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, அரைகுறை. என்னுடையது கொஞ்சம் தேவலை என்பதால் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"கோப்பையோ? அது அலபத்மம் எண்டு சொல்லு. விரிஞ்ச தாமரை."

சொன்னேன். பெண்மணி மரியாதையாகத் தலையாட்டினார். அவருடைய கண்ணில் இன்னும் கோப்பைதான் தெரிந்தது.

ஓர்லிகோனில் ஒரு மாலைக் காட்சிக்கு இடம் தந்தார். பார்ப்பவர்களுக்குப் பிடித்தால் அடுத்த பருவத்தில் வேறு ஊர்களுக்கும் போகலாம், ஒப்பந்தம், சம்பளம், எல்லாம். அக்கா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வேலையை விட்டார். சுவரொட்டியில் அவரை நடன வடிவமைப்பாளர் என்று போட்டார்கள். ஆனால் அவர் வடிவமைத்ததை ஓரிடத்தில் திட்டம் என்றும், இன்னோரிடத்தில் சடங்கு என்றும் போட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் மௌனப் போராட்டம் என்று முன்னறிவிப்பு வந்தது.

"ஆர் போராடினது?" என்று அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நானில்லை" என்றார் குலம் அண்ணை.

கீழ்வீட்டுக் கிழவர் இல்லாமல் ஆட முடியாது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். பெண்மணிக்கு அது தேனாய் இனித்தது. மேடைக்கு அடியில் ஒரு கதிரை, ஒரு சின்ன விளக்கு, விளக்குமாறு. கிழவர் தன் பழைய ரயில்வே தொப்பியோடு வந்து இறங்கினார்.

பாதி வரை நன்றாகத்தான் போனது. இருட்டில் நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் குலம் அண்ணை இடப்பக்கம் திரும்பினார். அவர் பின்னால் நின்ற தேவன், பெரியவர் பிழை விடமாட்டார் என்று நம்பி, தானும் திரும்பினான். நான் தேவனை நம்பினேன். மற்ற இருவரும் சரியாய் வலப்பக்கம் திரும்ப, ஐந்து பேரும் திசை தெரியாமல் முட்டுப்பட்டோம். கால்கள் தடதடத்தன. கீழே கிழவர் வெறிகொண்டு இடித்தார். இடிக்க இடிக்க நாங்கள் இன்னும் தடுமாறினோம், தடுமாறத் தடுமாற அவர் இன்னும் இடித்தார். மேடை உரலாகிவிட்டது. எனக்கு இது எந்த ஊர், எந்த மாதம் என்பதே மறந்துபோனது. தேவனின் முகம் வழியில் அடிபட்ட மானின் முகமாயிருந்தது.

அப்போது பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அடி விழுந்தது.

ஒரே அடி. அக்காவின் கால். அத்தனை வருசம் நிலத்துக்கு மேலே நிறுத்தி நிறுத்திச் சேமித்தது முழுவதும் ஒரேயடியாய் இறங்கியது. கூரையில் தொங்கிய விளக்குகள் ஆடின. கிழவரின் இடி வாயடைத்தது. எங்கள் உடம்புகள் எங்களைக் கேளாமலே வலப்பக்கம் திரும்பின. மிச்சத்தை ஆடி முடித்தோம்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. கிழவர் மேடைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, "சில்லு உடைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

அக்கா திரைக்குப் பின்னால் வெட்கத்தில் குறுகி நின்றார். அவரைப் பொறுத்தவரை அது விபத்து. பெண்மணியைப் பொறுத்தவரை அதுதான் படைப்பு. அடுத்த நாள் பெண்மணியின் அலுவலகத்தில் நான் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் சுமந்தேன்.

"திசை தெரியாமல் ஐந்து மனிதர்கள். தூரத்திலிருந்து ஒரு கால் அவர்களை அழைக்கிறது. அது இல்லாமல் இதை எங்கும் கொண்டுபோக முடியாது" என்றார் பெண்மணி.

"அது பிழை எண்டு சொல்லு."

"பிழை என்கிறார்."

"அழகான பிழை என்று சொல்லுங்கள்."

"வடிவான பிழையாம் அக்கா."

"பிழையிலை என்ன வடிவு? கோணல் மூக்கிலை மூக்குத்தி குத்துற கதை."

ஆனால் வேலையை விட்டாயிற்று. ஒப்பந்தம் மேசையில் இருந்தது. அக்கா சம்மதித்தார். வீட்டுக்கு வந்து, தடுமாறுவதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே. முதலில் குலம் அண்ணை பிழை விட வேண்டும், பிறகு தேவன், பிறகு நான். முட்டுப்படுவதற்கு ஒரு கோணம். தடுமாறும் கண்ணுக்கு ஒரு நோக்கு.

"துலைஞ்சவன் அப்பிடிப் பாக்கமாட்டான், குலம் அண்ணை. நீங்கள் பஸ்ஸுக்கு நிக்கிறமாதிரிப் பாக்கிறியள்."

"நான் பஸ்ஸிலையும் துலையிறனான், பிள்ளை."

ஒரு மாதத்தில் எங்கள் தடுமாற்றம் திருவிழாத் தேர் மாதிரி ஒழுங்காய் வந்து ஒழுங்காய்ப் போனது. அக்கா அடிக்க வேண்டிய இடமும் வந்தது. அவர் காலைத் தூக்கினார். கால் வேகமாய் இறங்கி, நிலத்துக்கு மேலே கடுதாசி இடைவெளியில் நின்றது. மறுபடி தூக்கினார். மறுபடி நின்றது. அந்தக் கால் பயந்தால்தான் விழும். நாங்கள் தொலைந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு இனி வராது.

அன்றைக்கே எங்களை நிற்பாட்டினார்.

"நீங்கள் நல்லாய் வந்திட்டியள். இனி வேண்டாம்."

நல்லாய் ஆடியதற்காக வேலை போனவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். குலம் அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, படியில் இறங்கும்போதுகூடச் சத்தமில்லாமல் இறங்கினார். டொச்சுக்காக அக்கா என்னை மட்டும் வைத்துக்கொண்டார். வாய்க்கு வேலை இருந்தது. கால்கள் ஊமையாயின.

ஒப்பந்தப்படி முதல் ஊர் கூர். மலையடிவார நகரம், விடுதிகள் நிறைந்தது, ஒவ்வொரு விடுதிக்குப் பின்வாசலிலும் ஒரு தமிழன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பான். அவர்களில் ஐந்து பேரைப் பிடித்தோம். குறைவாய்ப் பழக்கினால் போதும், மேடையில் தானாகத் தடுமாறுவார்கள் என்பது அக்காவின் திட்டம். பெண்மணிக்கும் அப்படியே வாக்குக் கொடுத்தார். எங்களுக்கு ஒத்திகைக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்துக்கு அடியில் ஒரு குண்டுப் பாதுகாப்பு நிலவறை. சிம்மர்ஸ்டுண்டவில் அவர்கள் வெங்காய வாசத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். அத்தனை தோள்களும் அத்தனை விதமாய்ச் சரிந்திருந்தன. அக்கா கோட்டைக் கழற்றவில்லை. இரண்டு கைகளையும் அதன் பைகளுக்குள் புதைத்துக்கொண்டார்.

"அக்கா, உங்கட கை."

"பொக்கற்றுக்குள்ளைதான் இருக்கு."

"ஆடுது."

"குளிர்."

முதல் நாள் கைகள் பைக்குள்ளேயே இருந்தன. பைகள் இரண்டும் உயிருள்ள முயல்களாய்த் துள்ளின. இரண்டாம் நாள் வலது கை வெளியே வந்தது. "இந்த முழங்கையை மட்டும்" என்றார். நான் ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினேன். "தெரியும், வாயைப் பொத்து" என்றார். மூன்றாம் நாள் கோட்டு கதிரையில் கிடந்தது. சின்னராசா என்றொருவர், உயரமானவர், தாழ்ந்த கூரைச் சமையலறையில் குனிந்து குனிந்து பாதியாய்ப் போனவர். அக்கா அவரை ஒவ்வொரு முள்ளெலும்பாய் மேலே அடுக்கினார். கடைசி எலும்பு பொருந்தியபோது சின்னராசா சுற்றிலும் பார்த்து, "இவ்வளவு உயரத்திலையோ இருக்கிறனியள் எல்லாரும்?" என்றார். அக்கா அடுத்த ஆளிடம் போய்விட்டிருந்தார்.

நான் அவரைத் தடுத்திருக்கலாம் என்று பெண்மணி பிறகு சொன்னார். மழையைப் போய் யாராவது தடுக்கிறார்களா.

ஆட்டக்காரர்கள் இரவுச் சமையலுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் கூரில் காட்சி மதியத்துக்குப் பிறகு. நான் பார்வையாளர் வரிசையில் பெண்மணியின் பக்கத்தில் இருந்தேன். அக்கா பக்கத் திரையோரம் வலது காலைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. குலம் அண்ணை பிழை விட்ட இடம் நெருங்கியது. பெண்மணி முன்னுக்குச் சாய்ந்தார். ஐந்து பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள். காற்றில் திரும்பும் ஒரே கதவு போல. சின்னராசாவின் கைகள் விரிந்தன. தாமரை என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒருவரும் முட்டுப்படவில்லை. ஒருவரும் தொலையவில்லை. அக்காவின் கால் தூக்கியபடியே இருந்தது, பிறகு தனக்கு இங்கே வேலையில்லை என்று கண்டு மெல்ல இறங்கியது.

முடிந்தது. கைதட்டினார்கள், மரியாதையாக. விளக்குகள் வந்தன. மேடைக்கு அடியிலிருந்து கிழவர் விளக்குமாறோடு வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் தொடங்கவில்லையா?"

பெண்மணி மேடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கோபம் இல்லை, அதனால்தான் இன்னும் கஷ்டமாயிருந்தது. ஆட்டக்காரர்கள் வேர்வை துடைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், பிடிபட்ட பிள்ளை மாதிரி. பெண்மணி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"அக்கா, அந்தத் தடுமாறுற இடம் காணாமல் போட்டுதாம். இதிலை இப்ப வேறை ஒண்டும் மிச்சமில்லையாம். வெறும் நடனந்தானாம்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னவ?"

"வெறும் நடனமாம். இப்பிடியெண்டால் மற்ற ஊருகள் கஷ்டம் எண்டுறா. ஒப்பந்தத்தை..."

"அது பிறகு. முதல் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"நடனமாம், அக்கா."

"அவ தன்ரை வாயாலை சொன்னவவோ? நீயாய்ச் சேத்துச் சொல்லேல்லையே?"

"அவதான் சொன்னவ."

அக்கா பெண்மணியின் இரண்டு கைகளையும் பிடித்தார். பிடித்த வேகத்தில் பெண்மணியின் தோள்களையும் பின்னுக்குத் தள்ளி நேராக்கினார். அந்த மனுசி அழுவதற்குத் தயாராயிருந்ததோ என்னவோ, நிமிர்ந்ததும் அழுகை எங்கோ வழி தவறிவிட்டது. அக்கா ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளே? நடனமாம். அப்ப இப்பிடி ஆடினால் காணாது. சின்னராசா அண்ணை, ரெண்டாவது திருப்பத்திலை மூச்சு பிந்துது. எல்லாரும் வாங்கோ, முதல்லையிருந்து."

"பிள்ளை, அஞ்சு மணிக்குக் குசினியிலை நிக்கோணும்" என்றார் சின்னராசா. சொல்லிக்கொண்டே தன் இடத்தில் போய் நின்றார்.

அக்கா கீழே பார்த்தார். நான் மேடையோரம் கீழே கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ ஏன் அங்கை நிக்கிறாய்? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா. இனி நல்லாய் ஆடுறவையும் ஆடலாம்."

போனேன். மேடைப் பலகை வெதுவெதுப்பாய் இருந்தது. கிழவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடியில் இறங்கினார். உயரமான பெண்மணி மேடையிலிருந்து இறங்கி, எங்களை அண்ணாந்து பார்த்து டொச்சில் ஏதோ நீளமாய்க் கேட்டார். மொழிபெயர்க்க ஆளில்லை. நான் அரைமண்டியில் இருந்தேன்.